இசைத்தட்டில் ‘ஸ’ சீறுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பாடகர் ‘சரவணபவ’ என்கிறார். உங்கள் ஸ்பீக்கர் ‘ஷ்ஷரவணபவ’ என்று துப்புகிறது. ஜால்ரா தட்டும் இடத்தில் கண்ணாடி நொறுங்குகிறது. அரை மணி நேரம் கேட்டதும் எழுந்துபோய் ஒலியைக் குறைக்கத் தோன்றுகிறது. உடனே நண்பர்கள் சொல்வது ஆம்பை மாற்று, கேபிளை மாற்று என்றுதான். அதில் கை வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள். இந்தச் சிக்கலில் பெரும்பகுதி ஊசி முனையிலேயே பிறக்கிறது. அங்கிருந்து வெளியே வரவர செலவு ஏறும், பலன் குறையும்.

முதலில் இரண்டு நோய்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ச, ஸ, ஷ, ஜ ஒலிகள் மட்டும் பிதுங்கிக் கிழிவது சீறல். இந்த எழுத்துகளின் காற்றொலி ஏறக்குறைய 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. குரல், வயலின், நாகஸ்வரம் எல்லாமே காதில் குத்துவது காட்டம். அது பெரும்பாலும் அதற்குக் கீழே, 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் கிளம்புகிறது. சீறல் என்றால் ஊசி, எடை, கோணம் என்று தேடலாம். காட்டம் என்றால் அறை, ஸ்பீக்கர், தவறான இணைப்பு. இரண்டும் சேர்ந்தே வந்தால் சீறலை முதலில் தீருங்கள். பாதிக் காட்டம் அதோடு போய்விடும்.

காதை எதோடு ஒப்பிடுவது என்ற கவலை காவிரி டெல்டாவில் இருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு வேண்டாம். திருவையாற்று ஆராதனையிலோ, ஊர்க் கோயில் புறப்பாட்டிலோ நாகஸ்வரத்தைப் பத்தடி தூரத்தில் நின்று கேட்டிருப்பீர்கள். அது மென்மையான வாத்தியம் அல்ல. சீவாளியின் விளிம்பு அதில் தெரியத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நேரில் அது நொறுங்குவதில்லை, பொடிபொடியாக உதிர்வதில்லை. தட்டில் கூர்மை கேட்டால் அது வாத்தியம். நொறுங்கல் கேட்டால் அது உங்கள் ஊசி. இந்த வித்தியாசம் பிடிபடாமல் சரிசெய்யப் போனால், இருக்கிற உயிரையும் சேர்த்து மழுக்கிவிடுவீர்கள்.

தொடங்குமுன் மூன்று சோதனைகள்

போனிலிருந்தோ சிடியிலிருந்தோ பழக்கமான ஒரு குரலை அதே ஆம்ப், அதே ஸ்பீக்கரில் போடுங்கள். அங்கேயும் காது கூசினால் டர்ன்டேபிளின் மேல் பழி இல்லை. அடுத்து, ஒரே தட்டின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கடைசியாக, பேலன்ஸ் குமிழை இடம், வலம் என்று முழுக்கத் திருப்பி எந்தப் பக்கம் அதிகம் சீறுகிறது என்று பாருங்கள். இந்த மூன்றின் விடைதான் கீழே எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று சொல்லும்.

அறிகுறி: எல்லாத் தட்டிலும், முதல் பாட்டிலிருந்தே சீறல்

தட்டில் ஒலிப் பள்ளத்தை வெட்டும்போது உச்ச (உயர் அதிர்வெண்) ஒலிகளை வேண்டுமென்றே பெருக்கித்தான் வெட்டுகிறார்கள். அமெரிக்கத் தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்து, 1954இல் பொதுவான அளவுகோலின்படி, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி 13.7 டெசிபெல் கூடுதலாகப் பதிவாகிறது. அதாவது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பிறகு ஃபோனோ ஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) அதே அளவு குறைத்துத் தருகிறது. தட்டின் இரைச்சலை அமுக்குவதற்கான ஏற்பாடு இது. ஆனால் ‘ஸ’ வரும் இடத்தில் ஊசி படுகிற பாடு மற்ற எந்த இடத்தையும் விட அதிகம். ஏதாவது ஒன்று பிசகியிருந்தால் முதலில் உதைப்பது இந்த எழுத்துகள்தான்.

அதனால் முதல் வேலை அழுக்கு. ஊசி முனையில் ஒட்டிய தூசி உருண்டை கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக இருந்தால், அது பல நாளாகவே அங்கே இருக்கிறது. கடிகாரம் ரிப்பேர் செய்பவர் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று போதும். மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக, அதாவது தட்டு சுழலும் திசையிலேயே, இழுக்க வேண்டும். முன்னிருந்து பின்னாகவோ பக்கவாட்டிலோ இழுத்தால் கேன்டிலீவர் (ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு) வளையும். பிடிவாதமான அழுக்குக்கு வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சு ஒரு துண்டு வெட்டித் தட்டின் மேல் வையுங்கள். தட்டு சுழலாமல் நிற்கட்டும். லிஃப்ட் கைப்பிடியால் ஊசியை அதன்மேல் இறக்கித் தூக்குங்கள். அவ்வளவுதான், அரக்கித் தேய்க்கக் கூடாது. திரவம் எதையும் தாராளமாகப் பூசாதீர்கள். அது கேன்டிலீவர் வழியே ஏறி உள்ளே இருக்கும் ரப்பரைக் கெடுக்கும்.

டெல்டாவில் தூசி என்றால் வெறும் தூசி இல்லை. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது வைக்கோல் துகள் ஜன்னல் வழியே வந்து படிகிறது. ரைஸ் மில் பக்கத்துத் தெருவில் வீடு என்றால் வருடம் முழுக்க உமிச் சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. வைனிலை விடப் பலமடங்கு கடினமான பொருள். ஊசி அதைப் பள்ளத்தின் சுவரில் அழுத்தித் தேய்க்கும்போது நிரந்தரமான கீறல் விழுகிறது. பிறகு எத்தனை கழுவினாலும் போகாது. அறுவடைக் காலத்தில் டர்ன்டேபிள் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது, ஊசி வாங்கும் காசைத் தெருவில் போடுவதற்குச் சமம்.

தட்டையும் கழுவ வேண்டும். போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு. மற்ற இடங்களில் கடினநீர். தண்ணீர் காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எங்கேயும் கிடைக்கிறது (ஆசிட் அல்ல, வெறும் தண்ணீர்தானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்). ஒரு லிட்டருக்கு 200 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது. ஒரே ஒரு எச்சரிக்கை: 78 வேகத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அவற்றில் ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். அவற்றுக்கு ஆல்கஹால் இல்லாத கலவைதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பூத்த தட்டுகளுக்கும் இதே கழுவல்தான். இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். 2018 கஜா புயலில் நனைந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்த தட்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கழுவியபின் பழைய உறைக்குள் திரும்பப் போடாதீர்கள். பூஞ்சை அந்தக் காகிதத்தில்தான் குடியிருக்கிறது.

அடுத்தது எடை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் பாரம். ‘எடை குறைந்தால் தட்டு தேயாது’ என்ற நம்பிக்கை பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. நிஜம் தலைகீழ். எடை போதாத ஊசி ‘ஸ’ வரும்போது சுவரை விட்டு எகிறிக் குதிக்கிறது. குதித்து விழும் இடமெல்லாம் பள்ளம் சிதைகிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) செய்த நிறுவனம் சொல்லும் வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 1.8 முதல் 2.2 கிராம் வரை, நடுமதிப்பு 2.0. ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8. சீறல் இருந்தால் விஎம்95இ-யை 2.1க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நான் வரம்பின் கீழ் எல்லையில் எந்தக் கார்ட்ரிட்ஜையும் ஓட்டுவதில்லை.

டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கையின்) பின்னால் இருக்கும் எதிரெடையில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தராசில் நிறுத்துங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்து எடையைத் தவறாகக் காட்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டு நீட்டி, அதன் நுனியில் ஊசியை இறக்கிப் பாருங்கள். துண்டோடு சேர்த்துத் தராசைப் பூஜ்யம் செய்துகொண்டு, ஊசி இறங்கும் புள்ளி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கணக்கு ஏறுமாறாகாது. இதைவிட நேர், இரும்பில்லாத ஊசித் தராசு ஒன்றை வாங்கிவிடுவது. எதுவானாலும் ஊசி உட்காரும் உயரம் தட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும்.

அழுக்கும் இல்லை, எடையும் சரி, இன்னும் சீறுகிறது என்றால் ஊசி தேய்ந்துவிட்டது. உருண்டை முனை, நீள்வட்ட முனை வைர ஊசிகளுக்குச் சுமார் 300 முதல் 500 மணி நேரம், மைக்ரோலைன் போன்ற நுண்முனைகளுக்கு 1,000 மணி நேரம் வரை என்பது பொதுவான கணக்கு. தினம் ஒரு எல்பி, இரு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம் என்றால் 300 மணி நேரம் ஒன்றேகால் வருடத்தில் தீர்ந்துவிடும். சென்னையில் ரிச்சி தெருவில் எப்போதோ வாங்கிய ஊசி பேரன் காலத்திலும் ஓடுகிறது என்றால் அது ஊசி இல்லை, உளி.

மன்னார்குடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். சீர்காழி கோவிந்தராஜனின் தட்டுகள் என்றால் உயிர். சீர்காழியின் அழுத்தந்திருத்தமான உச்சரிப்பு சீறலைக் கண்டுபிடிக்க அருமையான சோதனை. அவருக்கோ அதுவே தலைவலியாகிவிட்டது.

“தம்பி, கேபிளை மாத்திட்டேன், ஆம்பையும் மாத்திட்டேன். இன்னும் அந்த சகரம் என்னைப் பார்த்துச் சீறுது.”

“சார், ஊசி எப்ப மாத்துனீங்க?”

“ஊசியை எதுக்குப்பா மாத்தணும்? அது வைரமாச்சே.”

வைரம்தான். அதனால்தான் தேயும்போது அது பக்கவாட்டில் இரண்டு தட்டையான முகங்களாகத் தேய்ந்து, கூரான விளிம்போடு பள்ளத்தைச் செதுக்குகிறது. ஊசி மாற்றியதும் சகரம் அடங்கியது. ஏற்கெனவே செதுக்கப்பட்ட மூன்று நான்கு தட்டுகளில் மட்டும் அடங்கவில்லை.

அறிகுறி: முதல் பாட்டு தேன், கடைசிப் பாட்டு தேள்

இதுதான் மிக அதிகமாக வரும் புகார். காரணம் எளிய கணக்கு. 33⅓ வேகத்தில் எல்பியின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்கு அருகில் அதே ஒரு நொடிக்கு 21 செ.மீ.தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியில் 51 மைக்ரான் இடம் எடுத்துக்கொள்கிறது; உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கி அடைக்கப்படுகிறது. உருண்டை முனை ஊசியின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அலையின் நெளிவை விட ஊசி பெரிது. எப்படி உள்ளே இறங்கும்? நீள்வட்ட முனையின் பக்க ஆரம் சுமார் 8 மைக்ரான், மைக்ரோலைன் சுமார் 3. எந்த ஊசி உள்பள்ளத்தில் தெளிவாகப் படிக்கும் என்பது இதிலேயே இருக்கிறது.

நம் இசைக்கு இதில் கூடுதல் சோதனை. சினிமா எல்பியில் கடைசிப் பாட்டு ஒரு சோகப் பாட்டாக இருந்தால் தப்பித்தோம். கச்சேரித் தட்டில் பக்கத்தின் முடிவில்தான் கல்பனாஸ்வரம் உச்சம் தொடும், தனி ஆவர்த்தனம் பொரியும், தவிலின் கூடு போட்ட விரல்கள் விழும். எது மிகக் கடினமோ அது மிக நெருக்கடியான இடத்தில் வந்து உட்காருகிறது. 45 வேகச் சின்ன இபிக்களிலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு இருந்தால் இரண்டாவதில் சீறல் அதிகம் கேட்பது இதே கணக்கால்தான்.

ஊசியை மாற்றும் முன் கோணத்தைப் பாருங்கள், அது இலவசம். டோன் ஆர்ம் ஒரு வில்லாக நகர்கிறது. பள்ளமோ ஆரத்துக்குச் செங்குத்தாக ஓடுகிறது. இரண்டும் முழுக்கப் பொருந்துவது இரண்டே இடங்களில். பேர்வால்ட் என்ற கணக்கு முறையில் அந்த இடங்கள் மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. இணையத்தில் இதற்கான அளவுத்தாள்கள் கிடைக்கும். தாளின் இரண்டு புள்ளிகளிலும் ஊசியை வைத்து, கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கட்டக் கோடுகளுக்கு இணையாக வரும்வரை கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஒன்றில் சரியாகி மற்றதில் கோணலாக இருந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இரண்டிலும் நேரானதும் மெதுவாக, மாற்றி மாற்றித் திருகுங்கள். கடைசி முறுக்கில்தான் அது நகர்ந்துவிடும். அதனால் திருகியபின் மறுபடி சோதியுங்கள். இணைத்துக் கழற்றும் ஹெட்ஷெல் கொண்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகைக் கைகளில், ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனைக்கு 52 மி.மீ. என்பது அந்த நிறுவனத்தின் சொந்த அளவு. தொடங்க அது போதும்.

ஜெராக்ஸ் கடையில் தாளை அச்சடிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கடைத் தம்பி பழக்கத்தில் ‘தாளுக்குப் பொருந்தச் சுருக்கு’ என்று வைத்தே அடிப்பார். தாளில் இருக்கும் 100 மி.மீ. கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 96 இருந்தால் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். சுருங்கிய தாளில் நீங்கள் எவ்வளவு கவனமாக வைத்தாலும் தவறான இடத்தில்தான் கவனமாக வைத்திருப்பீர்கள்.

டோன் ஆர்மின் பின்பக்க உயரத்தைப் பற்றி நிறைய பேசுகிறார்கள். 230 மி.மீ. நீளக் கையில் 1 மி.மீ. ஏற்றினால் கோணம் கால் டிகிரிதான் மாறுகிறது. கை தட்டுக்கு இணையாக இருக்கட்டும். பின்பக்கம் தூக்கியபடி இருந்தால் இறக்குங்கள். அதற்கு மேல் இதில் ஒரு மாலையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

எல்லாம் செய்தபின்னும் கடைசிப் பாட்டு சீறினால் நுண்முனை ஊசிதான் மருந்து. விஎம்95 வரிசையில் உடல் ஒன்றே. இ (நீள்வட்ட) ஊசியைப் பிடுங்கிவிட்டு எம்எல் (மைக்ரோலைன்) ஊசியைச் செருகலாம். முழு அமைப்பிலும் ஒரே ஒரு செலவு செய்ய அனுமதி உண்டென்றால் நான் இதைத்தான் செய்வேன், ஆம்பை மாற்ற மாட்டேன்.

அறிகுறி: ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கிழிகிறது

பள்ளத்தின் உட்சுவர் இடது பக்க ஒலி, வெளிச்சுவர் வலது. சுழலும் தட்டு கையை உள்நோக்கி இழுப்பதால் ஊசி உட்சுவரில் அதிகம் சாய்கிறது. வெளிச்சுவரில் பிடி விடுகிறது. ஆகவே வலது பக்கம் முதலில் கிழிந்தால் ஆன்டி-ஸ்கேட்டை (அந்த இழுப்பை எதிர்க்கும் குமிழை) கூட்டுங்கள், இடது பக்கம் கிழிந்தால் குறையுங்கள். தொடங்கும் மதிப்பு ஊசி எடையே. மாறவே இல்லையென்றால் முன்பக்கத்திலிருந்து பாருங்கள்: தட்டின் மேல் சிறு கண்ணாடியை வைத்து, ஊசியும் அதன் பிம்பமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா? சாய்ந்திருந்தால் ஹெட்ஷெல்லைத் திருப்பி நேராக்குங்கள்.

கடலோர வீடுகளில் இன்னொன்று. ஹெட்ஷெல்லின் பின்னால் இருக்கும் நான்கு சிறு முனைகளும் ஆர்சிஏ பிளக்குகளும் உப்புக் காற்றில் கறுத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் மெலிந்து கரகரக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். இதற்குக்கூடப் புது கேபிள் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். புது பிளக்கைச் செருகும்போது பழைய கறை தேய்ந்து சரியாகிவிடுகிறது, பாராட்டு கேபிளுக்குப் போகிறது.

அறிகுறி: கிழிசல் இல்லை, ஆனால் எல்லாமே மெலிந்து, கூசுகிறது

டர்ன்டேபிளை ஆம்பின் ஆக்ஸ் (சாதாரண உள்ளீட்டு) துளையில் நேராகச் செருகியிருக்கிறீர்களா? டர்ன்டேபிளின் பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அது எதில் நிற்கிறது? ஃபோனோவில் நின்று ஆக்ஸில் செருகினால் ஆர்ஐஏஏ திருத்தம் நடப்பதே இல்லை. ஒலி மிகச் சன்னமாக, அடித்தளம் இல்லாமல், உச்சம் மட்டும் தூக்கி நிற்கும். தலைகீழாக, லைனில் நின்று ஆம்பின் ஃபோனோ துளையில் செருகினால் திருத்தம் இரண்டு தடவை. ஒலி பெருத்து, மந்தமாகி, உடைந்து வரும்.

ஃபோனோ ஆம்பில் எம்எம் (மூவிங் மேக்னட்), எம்சி (மூவிங் காயில்) என்று கார்ட்ரிட்ஜ் வகையைக் குறிக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். எம்எம் நிலை வழக்கமாகச் சுமார் 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்கும். எம்சி 60 டெசிபெல், ஆயிரம் மடங்கு. எம்எம் கார்ட்ரிட்ஜை எம்சி நிலையில் ஓட்டினால் உரத்த இடங்களில் எல்லாம் வெடிக்கும். தூசு தட்டும்போது விரல் பட்டு இந்தச் சுவிட்ச் நகர்வது சாதாரணம்.

இணைப்பு சரி, ஆனாலும் மேல்ஸ்தாயியில் ஒரு பளபளப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் கபாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்). இதைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். எம்எம் கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளும், கேபிள், ஃபோனோ ஆம்ப் இரண்டின் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் அதிர்வு முகட்டை உண்டாக்குகின்றன. விஎம்95இ-யின் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல்) 550 மில்லிஹென்றி. மொத்தக் கபாசிட்டன்ஸ் 200 பிகோஃபாரட் என்றால் முகடு 15,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும், தொந்தரவு குறைவு. 400 பிகோஃபாரட் ஆனால் 10,700க்கு இறங்கி ‘ஸ’வின் தலையிலேயே உட்காரும். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு நிறுவனம் சொல்வது 100 முதல் 200; ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300. சாதாரண ஆடியோ கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் சேர்க்கும். ஆம்ப் ஹாலின் ஒரு மூலையிலும் டர்ன்டேபிள் இன்னொரு மூலையிலும் இருந்து, நடுவில் மூன்று நான்கு மீட்டர் கேபிள் ஓடினால் கணக்கு அங்கேயே முடிந்தது. இங்கே கேபிள் நிஜமாகவே முக்கியம், ஆனால் விலையில் அல்ல, நீளத்தில். ஃபோனோ ஆம்பை டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, அங்கிருந்து ஆம்புக்கு நீளக் கேபிளை இழுங்கள். அந்தப் பக்கத்தில் நீளம் பிரச்சினை செய்யாது.

பரணிலிருந்து இறக்கிய எச்எம்வி ஃபியஸ்டா, கலிப்ஸோ மாதிரிப் பெட்டிகளைப் புது ஆம்பில் இணைக்க முயல்பவர்களுக்கு வேறு கதை. அவற்றில் இருப்பது காந்தக் கார்ட்ரிட்ஜ் அல்ல. செராமிக் அல்லது கிரிஸ்டல். இவற்றுக்கு ஆர்ஐஏஏ திருத்தம் தேவையில்லை, ஆனால் 10 லட்சம் ஓம் அளவுக்கு உயர்ந்த உள்ளீட்டுத் தடை வேண்டும். இன்றைய ஆக்ஸ் துளையில் அது சில பத்தாயிரம் ஓம்தான். விளைவு, சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோய், தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் கேட்கும். உயர்தடை பஃபர் (இடைச் சுற்று) ஒன்றை நடுவில் வைத்தால் அடித்தளம் திரும்பும். கிரிஸ்டல் வகை என்றால் அதிலும் நம்பிக்கை வைக்காதீர்கள்: அதற்குள் இருப்பது ரோஷெல் உப்பு, ஈரக்காற்றில் தானே கரைந்து சாகும் பொருள். ஐம்பது டெல்டா மழைக்காலங்களைத் தாண்டி வந்த கிரிஸ்டல் அரிது.

அறிகுறி: போனில் போட்டாலும் காது கூசுகிறது

அப்படியானால் அறை. பழைய கும்பகோணத்து வீடுகளில் முற்றம், மரத்தூண், ஓடு எல்லாமாகச் சேர்ந்து ஒலியைச் சிதறடித்துவிடும். புது வீட்டு ஹால் அப்படியில்லை: தரை வழவழ டைல்ஸ், மேலே கான்கிரீட், எதிரில் கண்ணாடி ஷோகேஸ். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘ட்ரிங்’ என்று ஒரு வால் கேட்டால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ‘ஸ’வுக்கும் அதே வால் முளைக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்க்க, வீட்டில் ஒருவரைப் பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே அதில் ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) தெரிகிறதோ அங்கேதான் ஒலி தெறிக்கிறது. அந்த இடத்தில் கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருந்தால், மன்னிக்கவும், கிருஷ்ணரைப் பக்கத்துச் சுவருக்கு மாற்ற வேண்டும். அங்கே கனத்த துணித்திரை, புத்தக அலமாரி எதுவானாலும் சரி. தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். ஒற்றைக் கோரைப்பாய் உச்ச ஒலியைச் சற்றே அடக்கும், அவ்வளவுதான். ஸ்பீக்கர் முகங்கள் நேராக உங்கள் காதைக் குறிவைத்தால் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட சில தட்டுகளில் மட்டும்

தட்டே புண்பட்டிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வராது. ஐந்தாறு கிராம் எடையில், தேய்ந்த ஊசியோடு ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் போய்வந்த தட்டில், ஒவ்வொரு ‘ஸ’வும் நாற்றங்காலில் டிராக்டர் விட்ட மாதிரிக் கிடக்கும். எந்தக் கழுவலும் அதை மீட்காது. ஆனால் ஒரு வழி உண்டு: முந்தைய ஊசி சுவரின் ஓர் உயரத்தில்தான் உரசியிருக்கும். வேறு வடிவ முனை வேறு உயரத்தில் தொடும். உருண்டை முனையில் சீறும் தட்டு மைக்ரோலைனில் ஓரளவு தெளிவாகப் பாடுவதும், சில நேரம் அதன் எதிர்மாறும் நடக்கிறது.

பழைய தமிழ்த் தட்டுகளில் பெரும்பகுதி மோனோ, அதாவது இரு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. அவற்றுக்கு ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் தயங்காமல் அழுத்துங்கள். மோனோ பள்ளத்தில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. உச்ச ஒலிகளில் பள்ளம் குறுகும் இடங்களில் ஊசி மேலே பிதுங்கி எழும். அந்தச் செங்குத்து அசைவு ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் சிதைவாகவே கேட்கும். இரு பக்கத்தையும் ஒன்றாக்கினால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது, பள்ளத்தடியின் இரைச்சலும் சேர்ந்தே போகிறது. காசில்லாமல் கிடைக்கும் இவ்வளவு பெரிய முன்னேற்றம் வேறெதுவும் இல்லை. பொத்தான் இல்லையென்றால், ஃபோனோ ஆம்புக்குப் பின்னால் மோனோ சுவிட்ச் கொண்ட சிறு பெட்டி ஒன்றை வைக்கலாம்.

78 வேகத் தட்டுகள் தனி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தை அந்தக்கால அரக்குத் தட்டில் கேட்க எல்பி ஊசியை வைத்தால், அது அகன்ற பள்ளத்தின் அடியில் குப்பையை வாரிக்கொண்டு போகும். வருவது சரசரப்பும் காட்டமும்தான். 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஆரமுள்ள ஊசி வேண்டும். விஎம்95 உடலில் எஸ்பி என்ற 78 ஊசியைச் செருகலாம். அதற்கு எடையும் கூடுதலாக வைக்க வேண்டும். பழைய பெட்டிகளில் ஊசியைத் திருப்பும் சிறு நெம்புகோல் இருக்கும், ஒரு பக்கம் எல்பி, மறுபக்கம் 78. அது தவறான பக்கம் நிற்பதைப் பார்க்காமல் தட்டைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. 78 தட்டில் உச்ச ஒலி என்று பதிவானதே குறைவு. 7,000, 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வருவதெல்லாம் பெரும்பாலும் இரைச்சல். மற்ற எல்லா இடத்திலும் ட்ரெபிள் குமிழைத் தொடாமலிருக்கச் சொல்வேன். இங்கே மட்டும், மோனோ பொத்தானை அழுத்திவிட்டு, அதை இரண்டு மூன்று கோடு இறக்கிக்கொள்ளுங்கள்.